கம்பஸ் அணியில் இருந்து ஊர்க் கழகத்துக்கு: வன்னிப் பட்டதாரிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் பல்கலைக்கழக வளாகத்தில் கடைசிப் பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது பையில் உடுப்புக்கு மேலே என் பூட்ஸ் கிடந்தது. அம்மா அதைக் கழுவி, குசினிப் பத்தியின் வளையில் கொழுவி வைத்தார். ஐந்து மாதம் கழித்து எடுத்தேன். தோல் வெடித்திருந்தது, அடி கழன்று கையோடு வந்தது. அந்த ஐந்து மாதத்தில் ஒருநாள்கூட "இனி விளையாடுவதில்லை" என்று நான் முடிவெடுக்கவில்லை. அப்படியொரு முடிவை யாரும் எடுப்பதில்லை. நேர்முகப் பரீட்சைக்குப் போகிறோம், யாரோ ஒருவரின் கலியாண வீட்டுக்குப் போகிறோம், மழை வருகிறது, ஆட்டம் தானாக நின்றுவிடுகிறது.

கம்பஸில் மாலை நாலரை மணியை எங்களுக்காக வேறு ஆட்கள் காவல் காத்தார்கள். உடற்கல்விப் பிரிவு மைதானத்தைத் திறந்து வைத்தது. கோச் விசில் ஊதினார். பந்தும் ஜேர்சியும் தந்தார்கள், போட்டிக்குப் போக பஸ் ஒழுங்கு செய்தார்கள். வெளியே வந்தபிறகும் நாலரை ஒவ்வொரு நாளும் வரத்தான் செய்கிறது. அதைக் காவல் காக்கத்தான் ஆள் இல்லை. ஆனால் ஊருக்குள் போய்ப் பாருங்கள். கூலி வேலை முடித்து வந்தவரும், கடையை மகனிடம் விட்டு வந்தவரும், சம்பளம் இல்லாமல் வருடக்கணக்காக அந்த நாலரையைக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களோடு எப்படிச் சேர்வது என்பதுதான் இந்த வழிகாட்டி.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சிறு விளையாட்டுக் கழகத்தில் எட்டு வருடமாக இருக்கிறேன், அதில் மூன்று வருடம் செயலாளர். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இருந்தும், அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களில் இருந்தும், பேராதனை, மொறட்டுவையில் இருந்தும் ஊர் திரும்பிய பிள்ளைகள் கழகத்துக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மாலையோடு காணாமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். கீழே சொல்வது பெரும்பாலும் அவர்களிடம் கற்றது.

1. வளாகத்தை விட்டுக் கிளம்புமுன்

உடற்கல்விப் பிரிவுக்குப் போய் உங்கள் விளையாட்டுச் சான்றிதழ்களை எழுத்தில் வாங்குங்கள். எந்த விளையாட்டு, எந்த வருடங்கள், பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளில் ஆடியது, வர்ண விருது கிடைத்திருந்தால் அது, அணித்தலைவராக இருந்திருந்தால் அதுவும் அதில் இருக்க வேண்டும். பட்டமளிப்புக்கு வரும்போது வாங்கலாம் என்று விடாதீர்கள். அதற்குள் உங்களைத் தெரிந்த பயிற்றுநர் மாறிப் போயிருக்கலாம். மூலப் பிரதியை வீட்டில் வைத்து, இரண்டு பிரதியை உறுதிப்படுத்தி வையுங்கள்.

பழைய காயம் ஏதும் இருந்தால் அதையும் இப்போதே காட்டிக்கொள்ளுங்கள். முழங்கால் பிசகினதோடு ஊருக்குப் போய், "ஆறிவிடும்" என்று ஒரு வருடம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

2. முதல் ஆறு கிழமை

உடம்பின் கணக்கு கடுமையானது. பயிற்சியை நிறுத்தினால் ஓட்ட மூச்சு இரண்டு கிழமையிலேயே இறங்கத் தொடங்கும். தசைப் பலம் அதைவிட மெதுவாகப் போகும். ஆகவே கழகம் கிடைக்கும்வரை காத்திருக்காமல் கிழமைக்கு மூன்று நாள் தனியாக ஓடுங்கள். வன்னியில் அதற்கு நல்ல இடம் குளக்கட்டு. நேரான வழி, வாகனம் குறைவு, காற்று இருக்கும். யானை வருகிற பக்கங்களில் மட்டும் விடிய முன்னும் இருட்டின பின்னும் போகக்கூடாது. கட்டு ஓரத்தில் தோட்டம் செய்கிறவர்களைக் கேட்டால் எந்தப் பக்கம் எந்த நேரம் நல்லது என்று சொல்வார்கள்.

ஒருநாள் அரை மணித்தியாலம் நிதானமாக ஓடுங்கள். ஒருநாள் நூறு மீற்றர் வேகமாக ஓடி, திரும்பி நடந்து வாருங்கள், எட்டுத் தடவை. ஒருநாள் குந்தி எழும்புதல், தண்டால், ஒற்றைக்காலில் நிற்பது. இது போதும். உடம்பு ஏறுவது இதில் பாதிப் பயன்தான். மிச்சப் பாதி, நாலரைக்கு வீட்டை விட்டு வெளிக்கிடும் பழக்கம் அறுந்து போகாமல் இருப்பது.

3. எந்த ஊரில் ஆடப் போகிறீர்கள்?

இதை யோசிக்காமல் கழகம் தேடினால் ஆறு மாதத்தில் இரண்டு பக்கமும் மனக்கசப்பு வரும். வன்னியில் தூரம் பெரிய விஷயம். வீடு புதுக்குடியிருப்பில், வேலை வவுனியாவில் என்றால் நாலரைக்கு ஊர் மைதானத்தில் நிற்க முடியாது. கிழமை நாட்களில் எங்கே படுத்து எழும்புகிறீர்களோ அங்கே பயிற்சி எடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. சனி, ஞாயிறில் மட்டும் ஊருக்கு வருகிறவர் என்றால், ஊர்க் கழகத்தில் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். "நான் கிழமை நாட்களில் வரமாட்டேன் அண்ணை, போட்டிக்கு என்னைப் பார்த்து இருக்க வேண்டாம்" என்று சொன்னவரை யாரும் குறை சொன்னதில்லை. சொல்லாமல் இருந்துவிட்டு அரையிறுதிக்கு மட்டும் வந்தவருக்காக, மூன்று மாதம் தவறாமல் வந்த பெடியன் வெளியே இருந்தான். அந்தப் பெடியன் பிறகு மைதானத்துக்கு வரவேயில்லை.

பதிவு வேறு விஷயம். மாவட்ட உதைபந்தாட்ட லீக்கில் ஆடுவதென்றால் ஒரு நேரத்தில் ஒரு கழகத்துக்குத்தான் பதியலாம், மாறுவதற்குப் பழைய கழகத்தின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். கம்பஸ் காலத்தில் நண்பர்களோடு சேர்ந்து எங்காவது ஒரு கழகத்துக்குக் கையெழுத்து வைத்திருந்தால் அதை மறந்துவிடாதீர்கள். புதுக் கழகம் உங்களை இறக்கி, எதிரணி முறைப்பாடு செய்தால் வென்ற ஆட்டமே கையை விட்டுப் போகலாம். ஊர்ச் சுற்றுப்போட்டிகளில் சட்டம் வேறு: சில இடங்களில் அந்தக் கிராம அலுவலர் பிரிவில் வசிப்பவர் மட்டும், சில இடங்களில் வெளியாள் இரண்டு பேர் வரை. ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

4. கழகத்தைத் தேடுவது

முகநூலில் தேடத் தொடங்குவார்கள். அங்கே கிண்ணத்தோடு நிற்கும் படங்கள்தான் இருக்கும், பயிற்சி நடக்கும் நேரம் இருக்காது. பிரதேச செயலகத்துக்குப் போங்கள். அங்கே விளையாட்டு உத்தியோகத்தர் இருப்பார். பதிவு செய்த கழகங்களின் பட்டியல் அவரிடம் இருக்கும். எந்தக் கழகம் பேருக்கு மட்டும் இருக்கிறது, எது தினமும் ஆடுகிறது என்பதையும் அவர் சொல்வார். அடுத்தது சனசமூக நிலையம். வன்னியில் பல கழகங்கள் வாசிகசாலையோடு ஒட்டித்தான் வளர்ந்தவை. மாலையில் பேப்பர் பார்க்கிற மாதிரிப் போய் இருந்தாலே ஆள் பிடிபடும்.

எல்லாக் கழகமும் ஒரே வகை அல்ல. ஊர் விளையாட்டுக் கழகத்துக்கு வயது எல்லை இல்லை. பதினாறு வயதுப் பிள்ளையும் நாற்பத்தைந்து வயதுக் கோல் காப்பாளரும் ஒரே அணியில் நிற்பார்கள். இளைஞர் கழகம் தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் கீழ் வருவது, 15 முதல் 29 வயது வரைதான். பட்டம் முடித்து வரும்போது இருபத்தைந்து, இருபத்தாறு ஆகிவிடுவதால் உங்களுக்கு அங்கே மூன்று, நான்கு வருடம்தான் மிச்சம். இளைஞர் விளையாட்டு விழாவில் ஓட ஆசை என்றால் தள்ளிப் போடாதீர்கள். மாவட்ட லீக்கில் ஆடும் கழகம் மூன்றாவது வகை. அங்கே பயிற்சி ஒழுங்காக நடக்கும், இடம் பிடிப்பது கடினம். கடினபந்துத் துடுப்பாட்டத்துக்கும் மாவட்டச் சங்கத்தில் பதிந்த கழகம் வேண்டும். ஊரில் நடப்பது பெரும்பாலும் மென்பந்துதான். திணைக்கள அணிகளும் பழைய மாணவர் அணிகளும் வருடத்தில் சில நாட்கள் மட்டும் கூடுபவை. நல்லவைதான், ஆனால் அவற்றை நம்பி நாலரையைக் காப்பாற்ற முடியாது.

மெய்வல்லுநர் வீரர்களுக்கு ஒன்று. தேசிய விளையாட்டு விழாவுக்குப் பாதை பிரதேசத்தில் தொடங்கி மாவட்டம், மாகாணம், தேசியம் என்று போகிறது. பல்கலைக்கழக அணியில் நேராக மேலே நின்றவர்களுக்குப் பிரதேச மட்டத்தில் போய் ஓடுவது சின்ன வேலையாகத் தெரியும். அந்தப் படியில் கால் வைக்காமல் அடுத்ததற்குப் போக முடியாது. பிரதேச செயலகத்தில் திகதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அறிவித்தல் வரும் என்று இருந்தால் பெரும்பாலும் போட்டி முடிந்த பிறகுதான் காதில் விழும்.

5. முதல் மாலை

நான் போன முதல் மாலையைச் சொல்கிறேன். புதுப் பூட்ஸ், முதுகில் பெயரும் இலக்கமும் போட்ட பல்கலைக்கழக ஜேர்சி. நாலு மணி இருபதுக்கே போய்விட்டேன். மைதானத்தில் இரண்டு மாடு மேய்ந்துகொண்டு நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், சாரத்தை மடித்துக் கட்டி, மண்வெட்டியால் சாணத்தை வழித்து வேலி ஓரம் போட்டுக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். ஜேர்சியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஆற்றை மோன் தம்பி நீ?" என்றார். சொன்னேன். அப்பாவைத் தெரியும் என்றார். பிறகு ஒரு பால்மா ரின்னைக் கையில் தந்தார். அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, உள்ளே சுண்ணாம்புத் தூள் நிரப்பியிருந்தது. "ஞாயிற்றுக்கிழமை மட்ச் இருக்கு. அந்தப் பக்கக் கோட்டைப் போடுமன்."

இரண்டு தடிக்கு நடுவே கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. கயிற்றின் மேலே ரின்னைப் பிடித்துத் தட்டித் தட்டிக் குனிந்தபடி நடக்க வேண்டும். வேகமாகத் தட்டினால் தூள் கொட்டுப்படும், மெதுவாகத் தட்டினால் கோடு விட்டு விட்டு விழும். நூறு மீற்றர் போட்டு முடிக்க நாரி பிடித்துக்கொண்டது. ஐந்து மணிக்குப் பெடியள் வந்து அணி பிரித்தார்கள். என் பெயர் வரவில்லை. கடைசி இருபது நிமிடம் ஒருவர் வேலைக்குப் போக வேண்டும் என்று கழன்றபோது அந்த அண்ணை கையால் காட்டினார், "போ."

நான்கு வருடம் கம்பஸில் கோட்டுக்கு நடுவே ஆடியிருக்கிறேன். அந்தக் கோட்டை யார் போடுகிறார்கள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த மாலையில்தான் எனக்கு விளங்கியது, அந்த அண்ணை என்னைச் சோதிக்கவில்லை. கழகம் என்றால் என்ன என்று காட்டினார்.

ஆகவே முதல் மாலைக்கு: பல்கலைக்கழக ஜேர்சி வேண்டாம், வெறும் ரீசேர்ட் போதும். நேரத்துக்கு முன்னே போங்கள். வயதில் மூத்தவரை முதலில் கண்டு, யாருடைய பிள்ளை, எந்த ஒழுங்கை என்று சொல்லுங்கள். எந்த இடத்தில் ஆடுவீர்கள் என்று அவர்கள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். "எங்கே ஆள் குறையுதோ அங்கே நிக்கிறன் அண்ணை" என்பது நல்ல பதில். ஆட்டம் முடிந்ததும் உடனே மோட்டார் சைக்கிளை எடுக்காதீர்கள். வலை கழற்றுகிறார்கள், பந்தை எண்ணி வைக்கிறார்கள், சந்திக் கடையில் பிளேன்ரீ குடிக்கிறார்கள். அந்த அரை மணித்தியாலத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை அணி முடிவாகிறது.

இப்படி இரண்டு மாதம் வாருங்கள். அதற்குமுன் கழகம் சரியில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

6. ஆட்டம் மாறும்

ஆடுற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பார்கள். கம்பஸில் பதினொரு பேர் ஆடிப் பழகியவருக்கு ஊரில் அணிக்கு ஒன்பது பேர், ஏழு பேர் என்று, தோற்றால் வெளியே போகும் விலகல் முறையில் சுற்றுப்போட்டி வரும். நேரம் குறைவு, சமநிலை என்றால் உடனே தண்ட உதை. நடுக்களத்தில் நின்று பந்தை மெல்ல மெல்லக் கட்டி வருகிற ஆட்டத்துக்கு அங்கே அவகாசம் இல்லை. மைதானமும் வேறு. ஒரு பக்கம் புல், ஒரு பக்கம் மணல், கோலுக்கு முன்னால் மழை நின்ற குழி. நிலத்தோடு தள்ளும் பந்து எங்கே துள்ளும் என்பது ஊர்ப் பெடியனுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. வெறுங்காலோடு ஆடும் பதினெட்டு வயதுப் பையன் உங்களைக் கடந்து போவான். கோபப்படாமல் அவன் எந்தப் பக்கத்தால் போகிறான் என்று பாருங்கள்.

கரப்பந்தாட்டம் ஆடியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கம்பஸில் ஆடுவது செற்றப் முறை, அதாவது வழக்கமான சர்வதேச முறை மட்டும். எங்கள் பக்கத்தில் ஓவர்கேம் என்று கரப்பந்தாட்டத்தின் இன்னொரு பழைய முறை இருக்கிறது, அதற்கென்றே சுற்றுப்போட்டி நடக்கும், அதற்கென்றே ஊர் ஊராகத் தேடி வரும் இரசிகர்கள் இருக்கிறார்கள். அதைப் பழைய ஆட்டம் என்று ஒதுக்காதீர்கள். ஓவர்கேமில் ஊறிய ஒரு அண்ணையிடம் நின்று பந்து தூக்கப் பழகினால் உங்கள் கை இன்னும் நிதானப்படும்.

உங்களிடம் இருப்பதும் சிறியதல்ல. ஒழுங்கான சூடேற்றல், மூலை உதைக்கு ஆள் பிரித்து நிற்பது, எதிரணியைப் பார்த்துக் குறிப்பெடுப்பது எல்லாம் கழகத்துக்குத் தேவை. ஆனால் கேட்கும்வரை பொறுங்கள். "கம்பஸில நாங்கள் இப்படித்தான் செய்வம்" என்ற வசனத்தை முதல் பருவம் முழுக்கச் சொல்லாமல் இருங்கள். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஓரமாக நின்று சொல்லிக் கொடுங்கள். அடுத்த கிழமை ஆறு பேர் வருவார்கள், அப்புறம் தலைவரே கேட்பார்.

7. கடிதமும் காசும்

பட்டதாரி வந்துவிட்டால் அடுத்த பொதுக்கூட்டத்தில் உங்களைச் செயலாளர் ஆக்கிவிடுவார்கள். பிரதேச சபைக்கு மைதான அனுமதிக் கடிதம், ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி, லீக்குக்கு வீரர் படிவம், வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப் பெடியளுக்குக் கணக்கறிக்கை என்று எழுத்து வேலை நிறைய. கௌரவமான பொறுப்புத்தான். ஆனால் முதல் வருடம் ஏற்காதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். ஆடுகிற கால் இருக்கும்போது உங்களை மேசையில் இருத்தினால் கழகத்துக்கும் நட்டம், உங்களுக்கும் நட்டம். "கடிதம் எழுதித் தாறன், பதவி அடுத்த வருசம் பாப்பம்" என்று சொல்லுங்கள்.

சந்தா எவ்வளவு சிறிதாக இருந்தாலும் முதலாம் கிழமையே கட்டுங்கள், பற்றுச்சீட்டு வாங்குங்கள். வேலை கிடைத்துவிட்டால் பந்து வாங்கித் தரலாம். ஆனால் தனியாக ஒரு பெரிய தொகையைக் கொடுத்துவிட்டு அணியில் இடம் எதிர்பார்க்கும் நிலைக்கு வராதீர்கள், யாரும் அப்படி நினைக்கவும் இடம் கொடுக்காதீர்கள். வெளிநாட்டுக் காசு வரும் கழகங்களில் சண்டை பெரும்பாலும் காசு குறைந்ததால் வருவதில்லை, கணக்குத் தெரியாததால் வருகிறது. உங்கள் படிப்பு நேரடியாக உதவக்கூடிய இடம் இது. வந்தது, செலவானது, மிச்சம் என்று மூன்று நிரலில் ஒரு தாளை எழுதி மாதம் ஒருமுறை வாசிகசாலைச் சுவரில் ஒட்டினால் பாதிக் கதை அடங்கும்.

8. உடம்பைப் பார்த்துக்கொள்வது

ஊர் மைதானத்தில் ஓடி வந்து பனிக்கட்டி வைக்க ஆள் இல்லை. ஆகவே காயம் வராமல் தடுப்பதுதான் வைத்தியம். பீஃபா லெவன் பிளஸ் என்ற சூடேற்றல் முறை இருக்கிறது. மூன்று பகுதி, பதினைந்து பயிற்சி, இருபது நிமிடம். முதலில் மெதுவான ஓட்டம், பிறகு பலமும் சமநிலையும், கடைசியில் வேக ஓட்டம். பந்தையும் அடையாளத்துக்கு வைக்கும் சில கூம்புகளையும் தவிர ஒரு சாமானும் தேவையில்லை. கிழமைக்கு இரண்டு தடவையாவது செய்த அணிகளில் காயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கழகத்தில் யாரும் செய்யாவிட்டால் நீங்கள் நேரத்துக்கு முன்னே போய்த் தனியாகச் செய்யுங்கள்.

கணுக்கால் பிசகினால் முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெய் போட்டு உரஞ்சி உருவ விடாதீர்கள். வீக்கம் கூடும். சுற்றிக் கட்டி, காலை உயர்த்தி வையுங்கள். காலை ஊன்றி நாலு அடி வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முழங்காலில் 'டக்' என்று கேட்டு, சில மணித்தியாலத்துக்குள் வீங்கினால் உள்ளே இருக்கும் சிலுவைத் தசைநார் அறுந்திருக்கலாம். வலி குறைந்துவிட்டது என்று திரும்ப இறங்காமல் காட்டுங்கள். சத்திரசிகிச்சை செய்தால் ஒன்பது மாதத்துக்கு முன் போட்டிக்குத் திரும்புவது ஆபத்து. தலையில் அடிபட்டுக் கொஞ்சம் தடுமாறினாலும் அன்று ஆட்டம் முடிந்தது, எவ்வளவு பெரிய இறுதிப்போட்டியாக இருந்தாலும்.

இன்னொன்று, வேறு எந்த ஊர் வழிகாட்டியிலும் இருக்காது. புதிதாகக் காடு வெட்டி எடுத்த மைதானம் என்றால் பந்து பற்றைக்குள் போனதும் பாய்ந்து ஓடாதீர்கள். மிதிவெடி அகற்றும் வேலை எங்கள் மாவட்டங்களில் இன்னும் முழுதாக முடியவில்லை. எல்லை எதுவரை துப்புரவானது என்று அந்த ஊர் ஆட்களைக் கேளுங்கள். பழக்கமில்லாத இரும்பு எதையும் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துப் பொலிஸுக்குச் சொல்லுங்கள். வெளி மாவட்டத்தில் இருந்து வேலைக்கு வந்து எங்களோடு ஆடும் நண்பர்களுக்கு இதை நான் முதல் நாளே சொல்வேன்.

9. வருடத்தின் ஒழுங்கு

கம்பஸ் நாட்காட்டி செமஸ்டரைப் பார்க்கும், ஊர் நாட்காட்டி வயலைப் பார்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மைதானம் குளமாகும். பெரும்போக அரிவு வெட்டு முடியும்வரை பாதிப் பேர் வயலில் நிற்பார்கள். அதன்பிறகு சித்திரையில் இருந்து ஆவணி, புரட்டாதி வரைதான் சுற்றுப்போட்டிக் காலம். அதற்குள்ளும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும், மன்னார்ப் பக்கம் என்றால் மடு மாதா திருவிழாவுக்கும் யாரும் மைதானத்துக்கு வரமாட்டார்கள். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18ஐ ஒட்டிய நாட்களில் எங்கள் பக்கத்தில் போட்டி வைப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக ஊர் சுமக்கும் நாட்களை அறிந்து திகதி குறியுங்கள். மழைக் காலத்தில் கரப்பந்தாட்டத் திடல் உதைபந்தாட்ட மைதானத்தை விட விரைவாகக் காயும். இரண்டாவது விளையாட்டு ஒன்றைப் பழக அது நல்ல காலம்.

10. பெண் பிள்ளைகளுக்கு

இதை எழுதும்போது மனம் கனக்கிறது. எங்கள் காலத்துக் கம்பஸ் பெண்கள் வலைப்பந்தாட்ட அணியில் எனக்குத் தெரிந்த ஏழு பேரில் இன்றைக்கும் ஆடுகிறவர் ஒருவர்தான். திறமை குறைந்து நின்றவர் யாரும் இல்லை. போக ஒரு மைதானம் இல்லாமல், கூட வர ஒரு ஆள் இல்லாமல் நின்றவர்கள்.

தங்கச்சிமாரே, தனியாகக் கழகம் தேடாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள். ஊர்ப் பாடசாலையின் உடற்கல்வி ரீச்சரைப் பிடியுங்கள். பாடசாலை மைதானத்துக்கு மதில் இருக்கும், வலைப்பந்தாட்டக் கம்பம் இருக்கும், வீட்டிலும் பயப்பட மாட்டார்கள். அதிபரிடம் எழுத்தில் கேட்டு, நாலு மணியில் இருந்து ஐந்தரை வரை எடுத்தால் இருட்டுமுன் வீடு போய்ச் சேரலாம். புதிதாகக் கழகம் தொடங்குவதை விட இருக்கிற கழகத்தில் பெண்கள் அணி என்று சேர்வது சுலபம், ஏனென்றால் பதிவும் பந்தும் ஏற்கனவே இருக்கும். அந்தக் கழகத்தின் அண்ணன்மாருக்கும் ஒன்று சொல்கிறேன். பெண்கள் அணிக்கு மைதானத்தைக் கொடுக்கும் நாளை வாயால் சொல்லாமல் பலகையில் எழுதி வையுங்கள்.

வீட்டில் பேசும்போது தர்ஜினி சிவலிங்கத்தின் பெயரை எடுங்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, 2018இல் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை வலைப்பந்தாட்ட அணியில் ஆடியவர். வயதைக் காட்டி மறுத்தால் முள்ளியவளை அகிலத்திருநாயகியைச் சொல்லுங்கள். எழுபது வயது தாண்டிய அந்த அம்மா 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்று வந்தார். இவை தூரத்துக் கதைகள் அல்ல, பஸ் ஏறிப் போகிற ஊர்களின் கதைகள்.

11. கழகமே இல்லாத இடம் என்றால்

மீள்குடியேறிய சில கிராமங்களில் பழைய கழகத்தின் பெயர் மட்டும் இருக்கும். அப்படியானால் முதலில் அந்தப் பழைய பெயரைத் தேடுங்கள். முன்னாள் தலைவரோ பொருளாளரோ உயிரோடு இருந்தால் அவர் வீட்டுக்குப் போய், அந்தப் பெயரிலேயே தொடங்கலாமா என்று கேளுங்கள். புதுப் பெயர் வைத்தால் பத்துப் பேர் வருவார்கள். பழைய பெயரை எடுத்தால் அவர்களின் அப்பாமாரும் வருவார்கள்.

பதிவைப் பற்றி முதல் மாதம் யோசிக்க வேண்டாம். ஆள் கூடியபிறகு யாப்பு, நிர்வாகக் குழு, கூட்ட அறிக்கை எழுதி, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தரிடம் கொடுக்கலாம். படிவம் அவரே தருவார். நாட்டில் விளையாட்டு அமைப்புகளுக்கான சட்டம் 1973இன் 25ஆம் இலக்கச் சட்டம். பதிந்த கழகத்துக்குத்தான் உபகரண உதவியும் போட்டி அழைப்பும் வரும்.

தொடங்குவதற்குக் கரப்பந்தாட்டம் நல்லது. 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம், சுற்றி ஓடக் கொஞ்ச இடம், அவ்வளவுதான். ஒரு வீட்டு வளவின் பின்பக்கம்கூடப் போதும். வலையின் உச்சி ஆண்களுக்கு 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24. கம்புக்குக் காட்டுக்குள் போய் மரம் வெட்டாதீர்கள், வன அதிகாரிகளோடு பிரச்சினை வரும். பழைய தண்ணீர்க் குழாய் இரண்டை வாங்கி, இரண்டு உயரத்திலும் கொக்கி ஒட்டுவியுங்கள். அப்போது ஒரே கம்பத்தில் நாலு மணிக்குப் பெண்களும் ஐந்தேகாலுக்கு ஆண்களும் ஆடலாம். குழியை இரண்டரை அடி ஆழத்துக்குத் தோண்டிக் கல்லும் மண்ணும் போட்டு இறுக்குங்கள், இல்லாவிட்டால் வலையை இழுத்துக் கட்டும்போது கம்பம் உள்ளே சாயும். நாங்கள் முதல் தடவை ஒன்றரை அடிதான் தோண்டினோம், மூன்றாம் நாளே வலை தொய்ந்து நெஞ்சுக்கு வந்தது.

கம்பம் நட்ட முதல் கிழமை ஆறு பேர் வந்தால் போதும். மூன்றுக்கு மூன்று ஆடலாம். வீதியால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பார்கள். அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, பந்தைக் கையில் கொடுங்கள்.